திடப்படுத்தல் வகுப்பில் உயிர்த்தெழுதலை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

காட்பாடியில் எங்கள் சபைப் பிள்ளைகளுக்குத் திடப்படுத்தல் வகுப்பு எடுக்கிறேன்; ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிட ஆயத்தப்படுத்தும் வகுப்பு அது. இந்தப் பாடத்தைக் காலிக் கல்லறையிலிருந்து தொடங்காதீர்கள். 1 கொரிந்தியர் 15-ஐத் திறக்கச் சொல்லுங்கள். பவுல் அப்போஸ்தலன் அந்த நிருபத்தை ஏறத்தாழ கி.பி. 55-இல் எபேசுவிலிருந்து எழுதினார். சுவிசேஷங்களுக்கும் முந்திய சாட்சி அது.

உயிர்த்தெழுந்த இயேசுவைக் கண்டவர்களின் பெயர்களைப் பிள்ளைகளே கரும்பலகையில் எழுதட்டும்: கேபா (பேதுரு), பன்னிருவர், ஐந்நூறுக்கும் அதிகமான சகோதரர், யாக்கோபு, பவுல். இயேசுவின் சகோதரரான யாக்கோபிடம் சற்று நில்லுங்கள். இயேசுவின் சகோதரர்கள் அவரை நம்பவில்லை என்கிறது யோவான் 7:5. அதே யாக்கோபு பின்னாளில் எருசலேம் சபையின் தலைவர். இடையில் என்ன நடந்தது என்று கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்லிவிட வேண்டாம்.

அடுத்து 14-ஆம் வசனத்தை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்: "கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால், எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா." வேலூர்ப் பிள்ளைகள் உடனே மடக்குவார்கள்: "ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் தொடங்கிய ஆஸ்பத்திரி இருக்கிறதே, மிஷன் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றனவே, அவையும் வீணா?" அருமையான கேள்வி, அவசரமாக அடக்காதீர்கள். நற்செயல் ஒருநாளும் வீணாகாது. ஆனால் 17-ஆம் வசனத்தில் பவுல் பேசுவது பாவத்தைப் பற்றி. செத்தவர் செத்தவராகவே இருந்தால் நம் பாவம் இன்னும் நம் தலைமேல்தான். நல்ல போதகர் ஒருவரை நினைவுகூருவதற்கு ஞானஸ்நானம் எதற்கு?

இதன்பிறகு சுவிசேஷங்களுக்கு வாருங்கள். முதலில் செய்தி கொண்டுவந்தவர்கள் பெண்கள். அவர்கள் பேச்சைச் சீஷர்களே நம்பவில்லை என்று லூக்கா மறைக்காமல் எழுதுகிறார். கதை கட்டுகிறவன் அப்படிக் கட்டமாட்டான். லூக்கா 24-இல் இயேசு பொரித்த மீனைச் சாப்பிடும் இடத்தை விட்டுவிடாதீர்கள். ஆவிக்கு மீன் எதற்கு?

உயிர்த்தெழும் சரீரம் எப்படிப்பட்டது என்று கேட்டால், விதைத்த கோதுமை வேறு உருவில் முளைத்து வருவதைப் பவுல் காட்டுகிறார். நான் வேர்க்கடலையை வைத்துச் சொல்கிறேன். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விதைத்த பருப்பும் பிடுங்கிய செடியும் தெரியும்.

இறந்துபோன பாட்டியை நினைத்து யாராவது ஒரு பிள்ளை, "எங்கள் ஆயா எழுந்து வருவார்களா?" என்று கேட்கும். அவர்கள் நட்சத்திரமாகிவிட்டார்கள் என்றெல்லாம் தேற்றாதீர்கள். கிறிஸ்து முதற்பலன், அதாவது அறுவடையின் முதல் விளைச்சல், என்னும் 20-ஆம் வசனத்தைக் காட்டி, "அவருடையவர்கள் எல்லோரும் எழுந்து வருவார்கள், ஆயாவும்தான்" என்று நேராகச் சொல்லுங்கள்.