சி10 டிரக்குக்கு ஏர் சஸ்பென்ஷன்: முதல்முறை கை வைப்பவர்களுக்கு

போன குளிர்காலத்தில் நண்பரின் 1971 செவர்லே சி10 பிக்கப்பை எங்கள் வீட்டு கராஜில் ஏற்றி, நாலு மூலையிலும் இருந்த காயில் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஏர் பேக் மாட்டினோம். மூன்று வார இறுதியில் முடித்துவிடலாம் என்று ஆரம்பித்தோம். ஏழு ஆனது. கூடுதலாகப் போன நாலு வாரத்தில் ஒரு நாள்கூடக் கஷ்டமான வேலையில் போகவில்லை. அளக்காமல் விட்ட இடங்களைத் திரும்பக் கழற்றி மாட்டுவதிலேயே போனது. அதனால் இந்தப் பதிவில் அளப்பதைப் பற்றித்தான் அதிகம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏர் பேக் என்றால் ஸ்டியரிங்கிலிருந்து வெடித்து வருவது இல்லை. ஆம்னி பஸ் மெக்கானிக்குகள் பெல்லோஸ் என்பார்களே, அதன் தம்பி. இரும்பு ஸ்பிரிங் இருந்த இடத்தில் தடித்த ரப்பர் பை. காற்றை ஏற்றினால் வண்டி எழும், இறக்கினால் படுக்கும். 1957 கேடிலாக் எல்டொராடோ புரோம் காரிலேயே கம்பெனி ஏர் சஸ்பென்ஷன் கொடுத்தது. கசிவுத் தொல்லை தாங்காமல் பலர் அதைக் கழற்றி எறிந்துவிட்டு காயில் ஸ்பிரிங்குக்கே போனார்கள். இன்றைக்கும் முதல் எதிரி கசிவுதான்.

1967-72 சி10 வண்டியைப் புதியவர்களுக்கு நான் சொல்வதற்குக் காரணம், அதன் பின்பக்கமும் காயில் ஸ்பிரிங். முன்னிருந்து பின்னுக்கு நீளும் இரண்டு ட்ரெய்லிங் ஆர்ம் (தாங்கு கைகள்) ஆக்சிலைப் பிடித்திருக்கும், ஸ்பிரிங் நடுவில் உட்கார்ந்திருக்கும். ஸ்பிரிங்கை எடு, பேக்கை வை என்று பாதி வேலை கம்பெனியே செய்து கொடுத்த மாதிரி. அதே வருடத்து ஜிஎம்சி (செவர்லேயின் சகோதர பிராண்ட்) என்றால் பெரும்பாலும் பட்டை ஸ்பிரிங் இருக்கும். அதற்கு லிங்க் கம்பிகள் வெல்டிங் செய்ய வேண்டும், முதல் வண்டிக்கு வேண்டாம். வாங்கும் முன் குனிந்து அடியில் பாருங்கள்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. கலிபோர்னியாவில் 1958 முதல், சக்கர ரிம்மின் அடிவிளிம்பைவிடத் தாழ்வாக வண்டியின் எந்தப் பாகமும் இருக்கக்கூடாது என்று விதி இருந்தது. ரான் அகிர்ரே என்ற கஸ்டம் கார் பிரியர் தன் செவர்லே கார்வெட் காரில் விமான ஹைட்ராலிக் பம்புகளை மாட்டி, போலீஸைக் கண்டால் வண்டியைத் தூக்கிக்கொள்ளும் வித்தையைக் கண்டுபிடித்தது இந்த விதியால்தான். அந்த விதி 2024 ஜனவரி 1 முதல் நீக்கப்பட்டுவிட்டது. மற்ற மாநிலங்களில் இருப்பவர்கள் தங்கள் மாநில விதியைப் பாருங்கள். இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ம், 2019 ஜனவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் கம்பெனி வடிவமைப்பை மாற்ற விடுவதில்லை. ஆசைக்குப் படியுங்கள், ஸ்பேனர் எடுக்காதீர்கள்.

என்னென்ன வேண்டும்

நாலு பேக், அவற்றுக்கான மேல் கீழ் கிண்ணங்கள், புதிய ஷாக் அப்சார்பர்களும் அவற்றை இடம் மாற்றும் பிராக்கெட்டும், 5 கேலன் டேங்க், 12 வோல்ட் கம்ப்ரசர், எட்டு வால்வு கொண்ட வால்வு பிளாக், பிரஷர் ஸ்விட்ச், 3/8 அங்குல ஏர் ட்யூப், ஃபிட்டிங்குகள், கேஜ். பின்பக்கச் சேஸிஸுக்கு சி-நாட்ச், நீளமான பேனார்டு கம்பி (இரண்டும் என்னவென்று படி 4-இல் வரும்). சி10-க்கு இதெல்லாம் கிட்டாகவே கிடைக்கிறது.

ஒரே இடத்தில் மட்டும் கஞ்சத்தனம் செய்யாதீர்கள்: வால்வு. இடது வலது இரண்டு பேக்கையும் ஒரே குழாயில் இணைத்து நாலு வால்வில் முடிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். வளைவில் திரும்பும்போது அழுந்தும் பக்கத்துக் காற்று எதிர்ப்பக்கம் ஓடிவிடும், வண்டி கப்பல் மாதிரி சாயும். ஒவ்வொரு மூலைக்கும் ஏற்ற ஒன்று, இறக்க ஒன்று, ஆக எட்டு.

படி 1: ஓடும் உயரத்தை முடிவு செய்யுங்கள்

யாரும் செய்யாத படி இது. ஸ்பேனரைத் தொடும் முன், வண்டி சாலையில் எந்த உயரத்தில் ஓடப்போகிறது என்று தீர்மானியுங்கள். படுத்திருக்கும் உயரம் படம் பிடிக்க. ஓடும் உயரத்தில்தான் டயர் தேய்வதும், ஸ்டியரிங் நேராக நிற்பதும் இருக்கிறது. ஃபென்டர் விளிம்பிலிருந்து வீல் நடு வரை அளந்து, சுவரில் சாக்பீஸால் எழுதி வையுங்கள். இனி எல்லா அளவும் அந்த எண்ணிலிருந்துதான்.

பேக்கும் அந்த உயரத்தில்தான் நேராக நிற்க வேண்டும். மேல் தட்டும் கீழ்த் தட்டும் இணையாக, பை வாழைப்பழம் மாதிரி வளையாமல். படுத்திருக்கும்போது கொஞ்சம் கோணினால் பாதகமில்லை.

படி 2: முன் ஸ்பிரிங்கை எடுப்பது

சேஸிஸுக்கு அடியில் ஜாக் ஸ்டாண்டு வைத்து வண்டியை நிறுத்துங்கள். இந்த வேலை முடியும்வரை மட்டுமல்ல, இனி எந்தக் காலத்திலும், பேக்கில் காற்று இருக்கிறது என்று நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஒரு ஃபிட்டிங் கழன்றால் டிரக் நொடியில் கீழே வரும்.

அழுத்தி வைத்த காயில் ஸ்பிரிங் ஆளைக் கொல்லக்கூடியது. லோயர் ஆர்முக்கு (சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கைக்கு) அடியில் ஜாக் கொடுங்கள். ஸ்பிரிங் வழியாக ஒரு சங்கிலியை விட்டுச் சேஸிஸோடு கட்டுங்கள். ஷாக்கைக் கழற்றிவிட்டு, லோயர் பால் ஜாயின்ட்டின் (ஆர்மையும் நக்கிளையும், அதாவது சக்கரம் மாட்டும் இரும்பையும், இணைக்கும் உருண்டை மூட்டின்) பூட்டு ஊசியை எடுத்து, நட்டை நாலைந்து சுற்று மட்டும் தளர்த்துங்கள், முழுதாகக் கழற்றக்கூடாது. நக்கிளின் பக்கவாட்டில் கனமான சுத்தியலால் இரண்டு மூன்று அடி. டொக் என்று ஒரு சத்தத்தோடு விடுபடும், நட்டுதான் அதைப் பிடித்து நிறுத்தும். பிறகு ஜாக்கால் ஆர்மைத் தாங்கி, நட்டை எடுத்து, மெதுவாக இறக்குங்கள். ஸ்பிரிங் தளர்ந்து தானாக ஆடும்போது கையால் எடுக்கலாம்.

ஆர்ம் கீழே தொங்கும்போது பிரேக் ஹோஸில் எடை விழக்கூடாது. காலிப்பரை (டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் பாகத்தை) கம்பியால் மேலே கட்டிவிடுங்கள்.

படி 3: முன் பேக்கும் இடைவெளியும்

கிண்ணங்களை மாட்டி, பேக்கை வைத்து, இன்னும் காற்று ஏற்றாமல் ஜாக்கால் ஆர்மை மேலிருந்து கீழ்வரை நகர்த்திப் பாருங்கள். காயிலைவிடப் பேக் குண்டு; காற்று ஏறினால் இன்னும் குண்டாகும். ஷாக்கில், சேஸிஸ் விளிம்பில், ஆர்மின் உதட்டில் எங்கும் படக்கூடாது. முழுக் காற்றில், எல்லா நிலையிலும், சுற்றிலும் அரை அங்குலம் இடம் வேண்டும். ஷாக்கை இடம் மாற்றச் சொன்னது இதற்குத்தான். ஆர்மில் வெட்ட வேண்டியிருந்தால் வெட்டிய விளிம்பை விரலால் தடவிப் பார்த்து அரத்தால் மழுக்குங்கள்.

எங்கள் வண்டியில் இடது முன்பக்கம் விரல் நுழையும் இடம் இருந்தது, போதும் என்று விட்டோம். ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. முழுதாகத் திருப்பினால் பிரேக் ஹோஸ் பேக்கின் வயிற்றில் போய்ச் சாய்ந்தது. ரப்பரில் பளபளவென்று ஒரு கோடு விழுந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அந்தப் பேக்கை மாற்றினோம். ஹோஸையும் வேறு வழியாகக் கட்டினோம்.

பேக் வண்டியில் பூட்டப்படாமல் தனியாகத் தரையில் இருக்கும்போது ஒருபோதும் காற்று ஏற்றிச் சோதிக்காதீர்கள். தடுக்க எதுவும் இல்லாமல் விரிந்து கிழியும்.

எவ்வளவு அழுத்தம் வரும் என்று கணக்குப் போடலாம். முன்சக்கரம் ஒன்றின் மேல் 900 பவுண்டு எடை என்று வைத்துக்கொள்வோம். பேக் லோயர் ஆர்மில், சேஸிஸ் பக்க மூட்டிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் இருந்தால், நெம்புகோல் கணக்கில் அதன் மேல் விழுவது 1350 பவுண்டு. பேக்கின் பயன்படு பரப்பு 20 சதுர அங்குலம் என்றால், 1350-ஐ 20-ஆல் வகுத்து 67.5 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). உங்கள் வண்டியில் இது 120-க்கு மேல் போனால் பேக் சிறியது, அல்லது வைத்த இடம் தவறு. குதிரை வண்டி மாதிரிதான் ஓடும்.

படி 4: பின்பக்கம்

பெட்டை (பின்னால் இருக்கும் சரக்குத் தொட்டியை) தூக்கிவிட்டால் வேலை பாதி. ஐம்பது வருடத் துருவில் அதன் போல்டுகள் அசையாது. முந்தின நாளே எண்ணெய் அடித்து ஊற விடுங்கள். தூக்க நாலு பேர், பிரியாணிக்கு ஆசைகாட்டினால் வருவார்கள்.

டிரக் படுக்கும்போது ஆக்சில் சேஸிஸில் போய் இடிக்கும். அந்த இடத்தில் சேஸிஸின் அடிப்பகுதியைப் பிறைபோல வெட்டி, கிட்டோடு வரும் தடித்த தகட்டால் வலுப்படுத்துவதுதான் சி-நாட்ச். சேஸிஸைத் தாங்கி நிறுத்திவிட்டு, ஒரு பக்கம் வெட்டித் தகடு பூட்டி முடித்த பிறகே மறுபக்கம். இரண்டையும் ஒரே நேரத்தில் வெட்டி வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். மேலே ஒரு ரப்பர் பம்ப் ஸ்டாப் கட்டாயம்: காற்று போய்விட்டால் வண்டியின் எடை பேக்கின் மேல் இறங்கக்கூடாது, ஸ்டாப்பில்தான் உட்கார வேண்டும்.

அடுத்தது பேனார்டு கம்பி. ஆக்சில் பக்கவாட்டில் ஓடாமல் பிடித்திருக்கும் குறுக்குக் கம்பி இது. ஒரு முனை சேஸிஸில், மறுமுனை ஆக்சிலில் இருப்பதால் ஆக்சில் ஏறி இறங்கும்போது நேராகப் போகாமல் வளைந்து போகும். கம்பி 24 அங்குல நீளம் என்று வையுங்கள். ஓடும் உயரத்தில் அது மட்டமாக இருந்தால், ஆக்சில் 4 அங்குலம் ஏறும்போது பக்கவாட்டில் மூன்றில் ஒரு அங்குலம்தான் நகரும். அதுவே ஆக்சில் பக்க முனை ஏற்கனவே 2 அங்குலம் மேலே இருக்கும்படி சாய்ந்திருந்தால், அதே 4 அங்குலத்துக்கு ஏறக்குறைய முக்கால் அங்குலத்தை நெருங்கும். டயர் ஒரு பக்கம் பெட்டில் உரச இது போதும். சி10-இல் கம்பெனி கொடுத்த கம்பி குட்டை, அதனால்தான் நீளமானதை வாங்கச் சொன்னேன். சுவரில் எழுதிய அந்த உயரத்தில் கம்பி மட்டமாக நிற்கும்படி முனைகளை அமையுங்கள்.

அதே உயரத்தில் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணத்தையும் பாருங்கள். ஆக்சில் மேலே போகப் போக டிஃபரன்ஷியலின் மூக்கும் திரும்பும். சரியில்லை என்றால் வேகத்தில் இருக்கை அதிரும். ஆப்பு வைத்துச் சரிசெய்யலாம்.

படி 5: காற்றும் கரண்டும்

கம்ப்ரசர் ஓடினால் கொதிக்கும், அதிரும். அதிலிருந்து டேங்குக்குப் போக கூடவே வரும் இரும்புப் பின்னல் ஹோஸையே போடுங்கள். பிளாஸ்டிக் ட்யூபை நேராக மாட்டினால் இளகிவிடும். காற்று திரும்பி வராமல் தடுக்கும் செக் வால்வும் அந்த ஹோஸில்தான் இருக்கும். டேங்கின் அடியில் தண்ணீர் வடிக்கும் குழாயும், எங்காவது ஒரு சேஃப்டி வால்வும் வேண்டும்.

கம்ப்ரசர் 20 ஆம்பியர் வரை இழுக்கும். டாஷ்போர்டு ஸ்விட்ச்சில் நேராகக் கொடுத்தால் ஸ்விட்ச் உருகும். பேட்டரியிலிருந்து தடித்த வயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ், பிறகு 40 ஆம்பியர் ரிலே. பிரஷர் ஸ்விட்ச் ரிலேயை மட்டும் ஆட்டுவிக்கும்: டேங்க் அழுத்தம் 165 பி.எஸ்.ஐ.-க்குக் கீழே இறங்கினால் கம்ப்ரசர் ஓடும், 200-இல் நிற்கும். அந்த ஸ்விட்ச்சுக்கான வயர் சாவி போட்டால் மட்டும் உயிர் பெறும் இடத்திலிருந்து வரட்டும். இல்லையென்றால் ராத்திரி ஒரு சிறு கசிவு பேட்டரியைத் தின்றுவிடும்.

ஃபிட்டிங் மரையில் வெள்ளை டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். அதன் பிசிறு வால்வுக்குள் போய்ச் சிக்கினால் வால்வு மூடாது. திரவ சீலன்ட் தடவுங்கள், முதல் இரண்டு மரையை விட்டுவிட்டு.

ட்யூபை அதற்கென்று உள்ள கட்டரால் மட்டுமே வெட்டுங்கள். நான் கட்டிங் பிளேயரால் வெட்டினேன். முனை லேசாக நசுங்கி முட்டை வடிவில் இருந்தது, ஃபிட்டிங்குக்குள் போய் உட்கார்ந்தும் கொண்டது. மறுநாள் காலை வலது பின்பக்கம் மட்டும் முழங்கால் மடக்கிய மாடு மாதிரி படுத்திருந்தது. சோப்புத் தண்ணியை ஒவ்வொரு இணைப்பிலும் தெளித்து, டார்ச் அடித்து, கம்ப்ரசரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். பத்து நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு ஃபிட்டிங்கின் கழுத்தில் கடுகு அளவில் ஒரு நுரை, மெல்ல மெல்லக் குண்டுமல்லி அளவுக்கு வளர்ந்தது. அவ்வளவு சின்னக் கசிவுக்கே ஒரு ராத்திரி போதும். ட்யூபை நேராக வெட்டி, இரண்டாவது தடை தட்டும்வரை அழுத்தி, இழுத்துப் பார்த்தோம், நின்றது.

படி 6: முதல் ஓட்டம்

கம்ப்ரசரை நிறுத்தி, ஓடும் உயரத்தில் வைத்து, நாலு ஃபென்டரின் அளவையும் எழுதிவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் திரும்ப அளந்து கால் அங்குலத்துக்கு மேல் இறங்கிய மூலைக்குச் சோப்புத் தண்ணி.

நின்றுவிட்டால், தெருவை மட்டும் நாலு சுற்று சுற்றி வாருங்கள். இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, பள்ளத்தில் இறக்கி, கராஜுக்கு வந்து ஸ்டாண்டில் ஏற்றி, பேக் ஒவ்வொன்றையும் கையால் தடவிப் பாருங்கள். பளபளப்புத் தட்டுப்பட்டால் அங்கே ஏதோ உரசுகிறது.

பிறகுதான் வீல் அலைன்மென்ட். கடைக்காரர் வண்டியை ஏற்றும் முன், நீங்களே கூட நின்று, சுவரில் எழுதிய அதே எண்ணுக்குக் காற்றை வைத்துக் கொடுங்கள். எங்களுக்கு அதைச் சொல்ல மறந்துபோய், அவர் படுத்த நிலையிலேயே சரிசெய்து அனுப்பினார். ஒரே மாதத்தில் முன் டயர் இரண்டின் உள்விளிம்பும் நூல் தெரிந்தது.