மின்தாள் திரையை ஃபோன் திரை என்று நினைக்காதீர்கள்

கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பைக்குள் சோற்றுப் பெட்டி, அதோடு ஒட்டினாற்போல் கிண்டில், அதாவது மின்தாள் (e-ink) திரையுள்ள மின்நூல் வாசிப்புக் கருவி. நெரிசலில் பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றேன். கல்லடிப் பாலம் தாண்டி எடுத்துப் பார்த்தால், பக்கத்தின் மேல்பாதி ஒழுங்காக இருக்கிறது, கீழ்ப்பாதி முழுக்கக் கோடுகள். விரலால் தடவினேன், ஒரு கீறல்கூட இல்லை.

உடைந்தது உள்ளே. மேலே தெரிவது பிளாஸ்டிக்தான். அதற்கு அடியில், எழுத்தைக் காட்டும் நுண்துகள்களை அசைக்கும் மின்சுற்று பெரும்பாலான கருவிகளில் மெல்லிய கண்ணாடித் தகட்டில்தான் இருக்கும். ஓரிடத்தில் அழுத்தினால் போதும், போய்விடும். திரையை மாற்றும் செலவு புதுக் கருவியின் விலையை நெருங்கும். கெட்டியான மூடி போடுங்கள், பையில் புத்தகங்களுக்கு நடுவே வையுங்கள்.

பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்: "ஓஃப் பண்ணியும் படம் போகுதில்லையே தம்பி, சார்ஜ் இறங்காதா?" இறங்காது. அந்தத் திரையில் தலைமுடித் தடிப்பளவு குமிழ்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் எதிரெதிர் மின்னேற்றம் கொண்ட வெள்ளை, கறுப்புத் துகள்கள். மின்சாரம் அவற்றை மேலும் கீழும் நகர்த்துகிறது, நகர்ந்தபின் அவை அங்கேயே நிற்கும். பக்கம் மாறும்போதுதான் திரைக்குக் கரன்ட் தேவை. சார்ஜைத் தின்பவை வைஃபையும் முன்விளக்கும். பகல் வெளிச்சத்தில் விளக்கே வேண்டாம், வெயில் ஏற ஏற எழுத்து தெளியும்.

அதற்காக வெயிலிலேயே விட்டுவிடவும் கூடாது. கிண்டிலுக்குச் சொல்லப்பட்ட இயங்கு வெப்பநிலை 35 பாகை வரைதான். பாசிக்குடா மணலில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனால் அதைச் சீக்கிரம் தாண்டிவிடும்.

முந்திய பக்கத்தின் எழுத்து மங்கலாகத் தெரிந்தால் பழுதென்று பயப்பட வேண்டாம். சில துகள்கள் முழுதாக நகரவில்லை, அவ்வளவுதான். அமைப்பில் 'ஒவ்வொரு பக்கமும் புதுப்பி' என்பதைப் போடுங்கள். திரை ஒருமுறை கறுத்து வெளுக்கும், சுத்தமாகிவிடும்.

வண்ணத் திரை வேண்டுமா? அதன் பெரும்பாலான வகைகளில் மேலே ஒரு வண்ண வடிகட்டி இருப்பதால் தாள் சற்றுக் கறுப்படித்துத் தெரியும். கதை மட்டும் வாசிப்பவருக்குக் கறுப்பு வெள்ளையே நல்லது.

நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது திரையின் அளவில்தான். 'நூலகம்' (noolaham.org) இணையத்தளத்திலுள்ள பழைய ஈழத்துச் சஞ்சிகைகள் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்த பிடிஎஃப்கள். எழுத்தை மட்டும் பெரிதாக்க முடியாது. 6 அங்குலத் திரையில் அவை எறும்பு ஊர்ந்ததுபோல் இருக்கும். அவற்றுக்காகவே வாங்குகிறீர்கள் என்றால் 10 அங்குலம் பாருங்கள். அப்படி ஒன்று வைத்திருப்பவரிடம் உங்கள் பிடிஎஃப் ஒன்றைக் கொடுத்து, திறந்து பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.