கோப்புப் பகிர்வு அனுமதிக் கருவிக்கு ஏஜென்ட் படிக்கும் விளக்கத்தை எழுதுவது எப்படி?

மதுரை வடக்கு மாசி வீதியில் உள்ள ஓர் ஆடிட்டர் அலுவலகத்துக்காக, கூகுள் டிரைவில் இருக்கும் கோப்புகளை வாடிக்கையாளர்களுக்குப் பகிரும் சிறிய கருவி ஒன்றை எழுதி, சொன்ன வேலையைக் கருவிகளை அழைத்துத் தானே முடிக்கும் ஏஐ ஏஜென்ட் ஒன்றிடம் ஒப்படைத்தேன். கருவிக்கு நான் கொடுத்திருந்த விளக்கம் "கோப்பைப் பகிரும்" என்ற ஒரே வரிதான். மாதிரிக் கோப்புகளை வைத்துச் சோதித்தபோது, "மீனாட்சி ஸ்டோர்ஸ் கணக்கை அவர்களுக்கு அனுப்பு" என்று சொன்னோம். மீனாட்சி என்று தொடங்கும் கடைப் பெயர்களுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. ஏஜென்ட் முதலில் கண்ணில் பட்ட மீனாட்சியின் கோப்பை எடுத்துக்கொண்டது. மின்னஞ்சல் முகவரி கிடைக்காததால், இணைப்பு கையில் உள்ள எவரும் படிக்கலாம் என்று அதைத் திறந்துவிட்டு, "பகிர்ந்துவிட்டேன்" என்று பதிலும் தந்தது. நிரல் சரியாகவே ஓடியது. தெரிந்திருக்க வேண்டியவற்றை நான்தான் எழுதாமல் விட்டிருந்தேன்.

2024 நவம்பரில் ஏஐ நிறுவனமான ஆந்த்ரோபிக் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் (ஏஐயைக் கருவிகளோடு இணைக்கும் பொது நெறிமுறை) வழியாகக் கருவியைக் கொடுக்கும்போது, ஏஜென்ட்டின் கைக்கு முக்கியமாகப் போய்ச் சேர்பவை கருவியின் பெயர், விளக்கம், உள்ளீடுகளின் ஜேசன் ஸ்கீமா (எந்த உள்ளீடு என்னென்ன மதிப்புகளை ஏற்கும் என்ற வரையறை) ஆகிய மூன்றுமே. புதிதாகச் சேர்ந்த பணியாளராக இருந்தால் சந்தேகம் வரும்போது பக்கத்து மேசையில் கேட்டுக்கொள்வார். ஏஜென்ட்டுக்கு அந்தப் பக்கத்து மேசையாகவும் இந்த விளக்கமே இருக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதத் தொடங்க வேண்டும்.

முதலில், நடக்கவே கூடாததை விளக்கத்தில் எழுதித் தடுக்க முயலாமல், ஸ்கீமாவிலிருந்தே எடுத்துவிடுங்கள். டிரைவ் ஏபிஐயில் (நிரல்கள் டிரைவை இயக்கும் இடைமுகம்) அனுமதி பெறுபவர் யூசர் (தனிநபர்), குரூப் (குழு), டொமைன் (ஒரு நிறுவனத்தினர் அனைவரும்), எனிஒன் (எவரும்) என்ற நான்கு வகைகளில் ஒன்றாக இருக்கலாம். ஆடிட்டர் அலுவலகத்தில் ஒரு வாடிக்கையாளரின் கணக்கை எனிஒன் வகையில் திறக்க எந்த அவசியமும் இல்லை என்பதால், அந்த மதிப்பையே பட்டியலிலிருந்து நீக்கினேன். உரிமை மட்டத்திலும் ரீடர் (படிப்பவர்), கமென்டர் (கருத்திடுபவர்) இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு, ரைட்டரையும் (திருத்துபவர்) ஓனரையும் (உரிமையாளர்) விலக்கிவிட்டேன். விளக்கம் பூட்டு ஆகாது. "தயவுசெய்து பொதுவில் திறக்காதே" என்ற வேண்டுகோளை நம்பி ஒருவருடைய வரவுசெலவை விடுவது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து.

அப்படி எடுத்துவிட்ட பிறகு மிஞ்சுபவை, நிதானித்து முடிவெடுக்க வேண்டிய இடங்கள். விளக்கத்தின் சொற்களை அங்கேதான் செலவிட வேண்டும். நான் திருத்தி எழுதிய விளக்கத்தின் தொடக்கம் இது:

"ஒரு கோப்பைப் படிக்கும் அல்லது அதில் கருத்திடும் அனுமதியை, மின்னஞ்சல் முகவரி தெரிந்த ஒருவருக்குக் கொடுக்கும். கோப்பின் பெயரை ஏற்காது. தேடல் கருவி தந்த ஐடியை மட்டுமே ஏற்கும். ஒரே பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட கோப்புகள் கிடைத்தால், இந்தக் கருவியை அழைக்காமல், எந்தக் கோப்பு என்று பயனரிடம் கேள். முகவரியைப் பயனர் சொல்லியிருக்க வேண்டும், அல்லது வாடிக்கையாளர் பதிவேட்டில் இருக்க வேண்டும். பெயரை வைத்து ஊகிக்காதே. அனுமதியைப் பின்னர் நீக்கினாலும், அதற்குள் பதிவிறக்கிய நகலைத் திரும்பப் பெற முடியாது."

கடைசி வாக்கியத்தைப் பலர் எழுதுவதில்லை. எது திரும்பப் பெற முடியாதது என்று தெரிந்தால்தான் ஏஜென்ட் எங்கே நின்று கேட்க வேண்டும் என்பதைத் தானே கணிக்க முடியும். யூசர், குரூப் வகைகளுக்குப் பகிரும்போது, வேண்டாம் என்று சொல்லாவிட்டால் டிரைவ் அறிவிப்பு மின்னஞ்சலும் அனுப்பிவிடும் என்பதையும் அதோடு சேர்த்து எழுதுங்கள். கோப்புறைக்குக் கொடுக்கும் அனுமதி, பின்னால் அதில் சேரப்போகும் கோப்புகளுக்கும் செல்லும் என்பதும் அப்படிப்பட்டதே.

காலாவதித் தேதிக்கு ஒரு தனி வரி தேவைப்படும். "20ஆம் தேதி ஜிஎஸ்டி தாக்கல் முடியும்வரை பார்க்கட்டும்" என்று அலுவலகத்தில் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். ஏஜென்ட் அதை 20ஆம் தேதி 00:00 என்று உலகப் பொது நேரத்தில் எழுதினால், நம் கணக்கில் அன்று காலை 5:30 மணிக்கே, அலுவலகம் திறக்கும் முன்பே, அனுமதி முடிந்துவிடும். ஆகவே, "பயனர் சொல்லும் நாளின் இரவு 23:59:59 வரை, இறுதியில் +05:30 சேர்த்து எழுது, இன்றிலிருந்து ஓராண்டுக்கு மேல் டிரைவ் ஏற்காது" என்று எடுத்துக்காட்டோடு எழுதினேன்.

ஒரே கோப்பின் அனுமதிகளை ஒரே நேரத்தில் பல அழைப்புகள் மாற்ற முயன்றால், கடைசி மாற்றம் மட்டுமே நிலைக்கும் என்று கூகுளின் ஆவணம் சொல்கிறது. மூன்று பங்குதாரர்களுக்குப் பகிரும்போது ஒருவர் பின் ஒருவராகச் செய் என்று ஒரு வரி போதும்.

பிழைச் செய்தியும் விளக்கத்தின் பகுதியே. "403" (அனுமதி மறுப்பைக் குறிக்கும் பிழை எண்) என்று மட்டும் திருப்பி அனுப்பினால், ஏஜென்ட் அதே அழைப்பை மறுபடியும் முயலும், அல்லது வேறு வழி தேடும். "இந்தக் கோப்பைப் பகிர இந்தக் கணக்குக்கு உரிமை இல்லை, மீண்டும் முயலாமல், கோப்பின் உரிமையாளரிடம் கேட்கும்படி பயனரிடம் சொல்" என்று அடுத்த அடியையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வெற்றியடைந்தாலும் "சரி" என்பதோடு நிறுத்தாமல், கோப்பின் முழுப் பெயர், பெற்றவரின் முகவரி, முடியும் தேதி ஆகியவற்றைத் திருப்பித் தந்தால், தவறு நடந்திருந்தால் பயனர் உடனே கண்டுகொள்வார்.

எழுதி முடித்ததும், அலுவலகத்தில் உண்மையில் பேசும் வாக்கியங்களையே கொடுத்துச் சோதியுங்கள்: "அண்ணாச்சிக்கு போன மாசக் கணக்கை அனுப்பிரு", "மீனாட்சி ஸ்டோர்ஸுக்குக் காட்டு", "எல்லாருக்கும் போட்டு விடு". இவற்றில் எதற்கும் பகிர்வுக் கருவி உடனே அழைக்கப்படக் கூடாது. மூன்றுக்குமே ஏஜென்ட்டிடமிருந்து முதலில் ஒரு கேள்வி வர வேண்டும். விளக்கத்தில் ஒரு சொல்லை மாற்றினாலும் மூன்றையும் மீண்டும் ஓட்டிப் பார்க்கிறேன்.