வெல்வெட்டுக்குப் போலிஷ் சொல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போலிஷ் மொழியில் வெல்வெட் துணியை 'அக்சமித்' என்பர். அம்மொழியின் தகரம் நம் தகரத்தைப் போலப் பல்லில் நா பட்டு ஒலிப்பது. ஆகவே, ரோமன் எழுத்தைப் பார்த்து 'அக்சமிட்' என்று எழுதுவது சரியன்று. எனினும் அது சிறு பிழைதான். ஸ்லாவிய மொழிகள் ஒரே குடும்பத்தவை என்பதால் இச்சொல் எங்கும் செல்லும் என்று நம்புவதே பெரிய பிழை. உக்ரைனியத்தில் 'ஒக்சமித்' என்று அது நிலைத்திருக்கிறது. செக் மொழியின் 'சமெத்', ஸ்லோவாக்கின் 'ஜமத்' ஆகியவையும் அதே வேரின் குறுகிய வடிவங்களே. ஆனால் ரஷ்யருக்கு வெல்வெட் 'பார்ஹத்'. குரோவாசியருக்கு ஹங்கேரியனிலிருந்து பெற்ற 'பர்ஷுன்'. பல்கேரியருக்குத் துருக்கியத்திலிருந்து வந்த 'கதிஃபே'. இவற்றுள் ஒன்றுகூடத் தொல் ஸ்லாவியச் சொல் அன்று; துணி எத்திசையிலிருந்து வந்ததோ, பெயரும் பெரும்பாலும் அத்திசையிலிருந்தே வந்தது.

ஒலி ஒத்திருப்பதை நம்பிப் பொருள் கொள்வோர் இடறும் இடங்கள் இரண்டு. ரஷ்யத்தின் 'பார்ஹத்' எந்த ஜெர்மன் சொல்லிலிருந்து வந்ததோ, அதே சொல்லிலிருந்து வந்த போலிஷ் 'பர்ஹன்' வெல்வெட்டைக் குறிப்பதில்லை. மென்மயிர் எழுப்பிய சாதாரணப் பருத்தித் துணியையே குறிக்கிறது. அதைவிட ஏமாற்றுவது ரஷ்யத்தின் 'வெல்வெத்': நாம் அறிந்த பெயரே என்று மகிழ்ந்து அதைக் கேட்டு வாங்கினால், கோடுகோடாய் வரியோடும் கார்டுராய்தான் கைக்கு வரும்.

பழைய நூல்களைப் பெயர்ப்போர் மேலும் கவனமாக இருக்க வேண்டும். 'அக்சமித்' என்பதன் வேர் 'ஆறு இழை' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லாகும். இடைக்காலத்தில் அது கனத்த பட்டு நெசவு ஒன்றையே குறித்தது. வெல்வெட்டுக்கு உயிரான, மேலெழுந்து நிற்கும் மென்மயிர் அந்த நெசவில் இல்லை. ஆகவே, 12-ஆம் நூற்றாண்டு ரஷ்ய நூலில் 'ஒக்சமித்' என வருமிடத்தில் 'வெல்வெட்' என்று எழுதினால், அன்று அங்கு இல்லாத துணியை அரசர்க்கு உடுத்தியவராவோம். 'விலையுயர்ந்த பட்டு' என்பதே தகும்.

1989 நவம்பரில் செக்கோஸ்லோவாக்கியாவில் நிகழ்ந்த புரட்சியைச் செக் மக்கள் 'வெல்வெட் புரட்சி' என்றே அழைக்க, ஸ்லோவாக்கியர் 'மென்மையான புரட்சி' என்கின்றனர். அங்கு 'ஜமத்' என்ற சொல்லைப் புகுத்துவது பொருந்தாது. போலிஷின் 'அக்சமித்கா' என்பதையும் 'சிறு வெல்வெட்' என்று அப்படியே பெயர்த்துவிடக் கூடாது. உடையைப் பற்றிய பேச்சில் அது வெல்வெட் நாடா. தோட்டத்தைப் பற்றிய பேச்சில், நாம் மாலை கட்டும் செண்டுமல்லி.