ஒரே அணியில் நிலைத்த வெளிக்கள வீரரின் ஆட்ட வாழ்க்கையைச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

மண்டபம் முதல் தொண்டி வரை கடற்கரை மணலில் கிரிக்கெட் ஆடி வளரும் பிள்ளைகளுக்கு ஒரு பேஸ்பால் வீரரின் வாழ்க்கையை எடுத்துச் சொல்ல விரும்பும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். அதற்கு மிகப் பொருத்தமானவர் அமெரிக்காவின் இடது வெளிக்கள வீரர் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி. 1961 முதல் 1983 வரை 23 பருவங்களையும் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியிலேயே கழித்த அவர் அந்த ஓர் அணிக்காக 3,308 ஆட்டங்கள் ஆடினார். ஒரே அணிக்காக வேறு எவரும் இத்தனை ஆட்டங்கள் ஆடியதில்லை.

புள்ளிவிவரத்தை முதலில் எடுக்காதீர்கள், மைதானத்திலிருந்து தொடங்குங்கள். தொழில்முறை பேஸ்பாலில், ஓடுபவர் தொட்டுச் செல்லும் தளங்களுக்கு இடையிலான தூரம் எங்கும் 90 அடிதான், ஆனால் அத்தளங்களுக்கு அப்பால் விரியும் வெளிக்களத்தின் எல்லையும் அதன் சுவரும் ஊருக்கு ஊர் மாறும். பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில் இடது வெளிக்களத்துக்குப் பின்னால் 37 அடி உயரச் சுவர் நிற்கிறது. 1976இல் மாற்றப்படும்வரை அதன் மேற்பரப்பு தகரமாக இருந்ததால், மோதும் பந்து ஒவ்வோரிடத்தில் ஒவ்வொரு விதமாகத் திரும்பியது. அதைக் கணித்து, ஓடுபவர் அடுத்த தளத்தை எட்டுவதற்குள் பந்தை எறிந்துவிடும் திறமை ஓரிரு ஆண்டில் கைவராது. தென்கடலில் பார் எங்கே கிடக்கிறது, ஆடிக் கச்சான் எந்நேரம் வலுக்கும் என்பதைப் பாம்பன்காரர் அறிந்திருப்பதைப் போன்ற அறிவு அது. ஆகவே வெளிக்கள வீரருக்கு ஓரிடத்தில் நிலைத்திருப்பது தொழில்திறனாகவே மாறுகிறது என்பதைப் பிள்ளைகள் கையால் உணர வேண்டும். வலை பின்னும் கொட்டகையின் பழைய தகரத்தில் டென்னிஸ் பந்தை இருபது முறை எறிந்து, அடுத்து சிமெண்ட் சுவரில் எறிந்து, பந்து திரும்பும் திசையை மணலில் கோடிட்டுக் குறிக்கச் சொல்லுங்கள். சிறந்த களத்தடுப்புக்குத் தரப்படும் கோல்ட் குளவ் விருதை யஸ்ட்ரெம்ஸ்கி ஏழு முறை பெற்றதன் பொருள் அப்போது அவர்களுக்குத் தானாக விளங்கும்.

எண்களை அதற்குப் பிறகு, ஆண்டோடு சேர்த்துச் சொல்லுங்கள். கிரிக்கெட் சராசரி பழகியவருக்கு .326 என்பது புரியாது. கணக்கில் சேரும் 1000 வாய்ப்புகளில் 326 முறை சரியாக அடித்ததற்கு அது சமம் என்று விளக்க வேண்டும். 1967இல் அந்தச் சராசரியோடு, பந்தை எல்லைச் சுவருக்கு அப்பால் அனுப்பும் ஹோம் ரன்கள் 44 அடித்து, 121 ஓட்டங்களுக்கும் காரணமாகி, மூன்று பட்டியல்களிலும் அவர் தம் அணி ஆடிய அமெரிக்கன் லீகில் முதலிடம் பெற்றார். ஹோம் ரன்னில் மட்டும் மினசோட்டா அணியின் ஹார்மன் கில்லப்ரூ அவருக்குச் சமமாக நின்றார். மறு ஆண்டு .301 எடுத்தே மீண்டும் சராசரியில் முதல்வரானார். வேறெந்தச் சராசரி முதல்வரும் இவ்வளவு குறைந்த எண்ணில் வென்றதில்லை. ஆனால் அது அவருடைய தளர்ச்சி இல்லை. அந்த ஆண்டு பந்தெறிபவர்களின் கை அவ்வளவு ஓங்கியிருந்ததால், 1969இல் அவர்கள் நின்று எறியும் மேட்டின் உயரத்தையே 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள்.

அடுத்தது விசுவாசம். இதில் அவசரப்பட்டுப் புகழ்ந்துவிடாதீர்கள். வீரர்களின் ஒப்பந்தத் தகராறில் 1975 இறுதியில் சமரச நடுவர் தந்த தீர்ப்புவரை, அணி விடுவித்தாலோ விற்றாலோ ஒழிய வீரர்கள் வேறிடம் போக முடியாதிருந்தது. சம்மாட்டியிடம் முன்பணம் வாங்கியவர் அதைத் தீர்க்கும்வரை வேறு படகில் ஏற முடியாத நிலையை நம் பிள்ளைகள் வீட்டிலேயே பார்த்திருப்பார்கள் என்பதால், கட்டுண்டு இருப்பதும் விரும்பி இருப்பதும் வேறு என்பதை அவர்களுக்கு நீட்டி விளக்கத் தேவையில்லை. என் கணிப்பில், வழி திறந்த பிறகும் அவர் பாஸ்டனிலேயே ஆடிய பிந்தைய ஆண்டுகளே விசுவாசத்துக்கு உறுதியான சான்று.

தோல்விகளையும் மறைக்க வேண்டாம். ஆண்டின் வாகையரைத் தீர்மானிக்கும் உலகத் தொடரில் 1967, 1975 ஆகிய இரு முறையும் ஏழாவது ஆட்டத்தில் பாஸ்டன் தோற்றது. 1975இல் கடைசியாக ஆட்டமிழந்தவரும் அவரே. பிற்காலத்தில் முதல் தளத்திலும், மட்டையடிக்க மட்டும் வரும் வீரராகவும் ஆடினார். ஆனால் 1983 அக்டோபர் 2 அன்று, 44 வயதில், தம் கடைசி ஆட்டத்துக்கு அதே சுவருக்கு முன்னால் இடது வெளிக்களத்தில் போய் நின்றார்.