பெங்களூருக்கு வரும்முன் போனின் பேண்டைப் பாருங்கள்

பெங்களூருக்கு வேலைக்கு வருகிறவர்கள் பிஜி வாடகை, பஸ் பாஸ், நம்ம ஊர்ச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்றெல்லாம் கேட்கிறார்கள், போனைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. மதுரையில் நன்றாக எடுத்தது இங்கேயும் எடுக்கும் என்ற நினைப்புதான். அலைக்கற்றையை நம் நாட்டில் வட்டம் வட்டமாகப் பிரித்து விற்கிறார்கள், தமிழ்நாடு ஒரு வட்டம், கர்நாடகா வேறு வட்டம், ஒரே கம்பெனி கையில் இரண்டு இடத்திலும் ஒரே அளவு அலைக்கற்றை இருக்காது. அதனால் ஊர் சிம்மை ஒரு மாதம் அப்படியே வைத்து அறையிலும் ஆபீசிலும் எப்படி எடுக்கிறது என்று பாருங்கள். சரிப்படாவிட்டால் எண்ணை மாற்றாமலே கம்பெனி மாறலாம், 2015 ஜூலை முதல் வட்டம் தாண்டியும் போர்ட் செய்ய முடிகிறது.

அடுத்தது போன், அது எந்தெந்த பேண்டில், அதாவது எந்தெந்த அலைவரிசையில் வேலை செய்யும் என்பது. "இதில் இந்த சிப் இருக்கிறது, எல்லா பேண்டும் எடுக்கும்" என்று ஆபீசில் ஒருவராவது சொல்வார். நம்பாதீர்கள். சிப்பால் முடியும் என்பது வேறு, அந்த போனால் முடியும் என்பது வேறு. ஒவ்வொரு அலைவரிசைக்கும் ஆன்டெனா, ஃபில்டர், ஆம்ப்ளிஃபையர் எல்லாம் பொருத்தமாக வேண்டும், செலவைக் குறைக்க விற்கும் நாட்டுக்குத் தேவையானதை மட்டும் வைத்துவிட்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள். எல்லாம் இருந்தும் மென்பொருளில் பூட்டி வைத்திருப்பதும் உண்டு. 2022 அக்டோபரில் இங்கே 5ஜி வந்தபோது, 5ஜி வசதியுள்ள ஐபோன் வைத்திருந்தவர்கள் டிசம்பரில் அப்டேட் வரும்வரை காத்திருந்தார்கள்.

இந்த ஊருக்கு இது பழைய கதை. 2012 மே மாதம் பெங்களூரில் ஏர்டெல் 4ஜி தொடங்கியது 2300 மெகாஹெர்ட்ஸில். அதே ஆண்டு வந்த ஐபோன் 5-லும் 4ஜி இருந்தது, ஆனால் 2300 இல்லை. அவ்வளவு விலை கொடுத்தும் இங்கே 3ஜிதான்.

எனக்கும் நடந்தது. அண்ணன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து கொடுத்த போனை வைத்துக்கொண்டு முருகேஷ்பாளையாவில் ஆறு மாதம் தவித்தேன், பகலில் ஓடுகிற நெட் ராத்திரி ஏழு மணிக்கு மேல் நகரவே நகராது, பக்கத்து அறைப் பையனுக்கு அதே கம்பெனி சிம்மில் வீடியோ ஓடும். சிம்மை மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் மாடல் எண்ணை வைத்துத் தேடினால் பேண்ட் 40, அதாவது அந்த 2300, பட்டியலிலேயே இல்லை. கூட்ட நேரத்தில் சுமையைத் தாங்குகிற பேண்டே அதுதான்.

எனவே பெயரைப் பார்க்காமல் மாடல் எண்ணைப் பாருங்கள், ஒரே பெயரில் நாட்டுக்கு ஒரு மாடல் விற்கிறார்கள். 4ஜிக்கு பேண்ட் 1, 3, 5, 8, 40 இருக்க வேண்டும். 5ஜிக்கு என்78 (n78) என்ற பேண்ட் கட்டாயம். ஜியோ என்றால் என்28-உம் வேண்டும், அது 700 மெகாஹெர்ட்ஸ், சுவரைத் தாண்டி உள்ளே வருவது அதுதான், நெருக்கமான கட்டடங்களில் தரைத்தளத்து அறை எடுப்பவர்கள் இதை விட்டுவிடாதீர்கள். அப்புறம் ஜியோ 5ஜி எஸ்ஏ, தனித்தே நிற்பது, ஏர்டெல் தொடங்கியது என்எஸ்ஏ, 4ஜி மேல் சாய்ந்து நிற்பது. எது உயர்ந்தது என்ற சண்டை நமக்கு வேண்டாம், இரண்டும் எடுக்கிற போனாக வாங்குங்கள். வெளிநாட்டு போனில் வோல்ட்டி, அதாவது 4ஜி வழியாகவே கால் பேசும் வசதி, இங்கே வேலை செய்கிறதா என்பதும் முக்கியம், 2ஜி, 3ஜி இல்லாத ஜியோவில் அது இல்லாமல் சாதாரண கால் போகாது.

இங்கே எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்பி ரோட்டில் பழைய போன் வாங்கினால் ஸ்டார் ஹாஷ் 06 ஹாஷ் அழுத்தி ஐஎம்இஐ என்ற போனின் அடையாள எண்ணை எடுத்து, கேஒய்எம் என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பின் இடைவெளி விட்டு அதைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள், திருட்டு போன் என்று முடக்கியிருந்தால் தெரிந்துவிடும். காசு கொடுக்கும்முன் உங்கள் சிம்மைப் போட்டு, கடைக்கு உள்ளே போய் நின்று வீட்டுக்கு ஒரு கால் பேசிப் பாருங்கள்.