கேப் காட் பேஸ்பால் பார்க்கப் போகிறீர்களா? சில தவறுகள் வேண்டாம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கடலுக்குள் நீண்டிருக்கும் நிலப்பகுதி கேப் காட். அங்கே கோடையில் கல்லூரி மாணவர்கள் ஆடும் பேஸ்பால் லீக் நடக்கிறது. அணியின் பெயரில் இருக்கிற ஊருக்குக் காரை விட்டால் மைதானம் வந்துவிடும் என்று நம்புவதுதான் முதல் சறுக்கல். யார்மத்-டென்னிஸ் ரெட் சாக்ஸ் ஆடும் ரெட் வில்சன் மைதானம் டென்னிஸில் இல்லை. சவுத் யார்மத்தில் பள்ளிக்கூடத்தை ஒட்டி இருக்கிறது. வேர்ஹாம் கேட்மென் அணியின் மைதானமோ, கேப் காட்டைப் பெருநிலத்திலிருந்து பிரிக்கும் கால்வாயைத் தாண்டவே தேவையில்லாமல் பெருநிலப் பக்கமே இருக்கிறது. தெரியாமல் பாலம் ஏறிவிட்டால் போச்சு! கோடைச் சனிக்கிழமை நெரிசலில் திரும்பி வருவதற்குள் பாதி ஆட்டம் முடிந்திருக்கும். யார்மத்-டென்னிஸின் பெயரைப் பார்த்து, தொழில்முறை அணியான பாஸ்டன் ரெட் சாக்ஸின் கிளை என்றும் எண்ண வேண்டாம். லீக்கின் பத்து அணிகளிலும் ஆடுபவர்கள் கல்லூரிப் பையன்கள். சம்பளம் கிடையாது, உள்ளூர்க் குடும்பங்களின் வீடுகளில் தங்கி ஆடுகிறார்கள்.

அடுத்து நேரம். கோட்யூட்டின் லோவல் பார்க்கில் மின்விளக்கே கிடையாது. அங்கே ஆட்டம் மாலை வெயிலிலேயே தொடங்கிவிடும். சாவகாசமாக ஏழு மணிக்குப் போனால் கடைசி இன்னிங்ஸ்தான் மிஞ்சும். சாட்டம் ஊர் மைதானத்தில் விளக்கு உண்டு, ஆனால் பனிமூட்டமும் உண்டு. கடலிலிருந்து மூட்டம் ஏறி வந்தால் அவுட்ஃபீல்டில் நிற்பவர் கண்ணுக்கே தெரியமாட்டார், ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள். ஜூலையானாலும் ஒரு ஸ்வெட்டர் கையில் இருக்கட்டும்.

ஆர்லியன்ஸின் எல்ட்ரெட்ஜ் பார்க்கில் படிப்படியாக இறங்கும் புல்மேடுதான் கேலரி. காலையிலேயே நாற்காலியும் போர்வையும் போட்டு இடம் பிடித்துவிடுவார்கள். ஆளில்லையே என்று அதை நகர்த்தி உட்காராதீர்கள், ஊரே முறைக்கும்.

பேட்டிங் சராசரியைப் பார்த்து ஒரு பையனை மட்டம் தட்டுவதுதான் எனக்கு ஆகவே ஆகாது. கல்லூரியில் உலோக மட்டை, இங்கே 1985 முதல் மர மட்டை. எதிரே பந்து வீசுபவர்களோ நாடு முழுவதிலிருந்தும் பொறுக்கி எடுத்தவர்கள். இந்த நிலையில் .250, அதாவது நான்கு வாய்ப்புக்கு ஒரு ஹிட், அடிப்பதே பெரிய காரியம். பின்னாளில் நியூயார்க் யாங்கீஸ் நட்சத்திரமான ஆரன் ஜட்ஜ் 2012இல் பிரூஸ்டர் அணிக்காக இங்கே ஆடியபோது, அவர் இவ்வளவு தூரம் வருவார் என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்? ஒரே ஒரு வீரரை நம்பியும் போகாதீர்கள். பருவம் நடக்கும்போதே பலர் கிளம்பிவிடுவார்கள். அன்றைய பட்டியலைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

டிக்கெட் கிடையாது என்பதால் கையை வீசிக்கொண்டு போகவும் வேண்டாம். ஆட்டத்தின் நடுவே நன்கொடைக்காகத் தொப்பியோ வாளியோ சுற்றி வரும். சில்லறை டாலர் வைத்திருங்கள். பீர் மட்டும் தேடாதீர்கள், கிடைக்காது.